மறு: நார்மல் ஃபார்ம் - இயல்பு வடிவமா, சீர்வடிவமா?

எல்லாருக்கும் வணக்கம். டேட்டாபேஸ்ல ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராம டேபிளைப் படிப்படியா உடைச்சு ஒழுங்குபடுத்துறோமே, அந்த ஒவ்வொரு படிக்கும் பேருதான் நார்மல் ஃபார்ம். நம்ம கலைச்சொல் பட்டியல்ல அதுக்கு 'இயல்பு வடிவம்'னு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சுதான், ஆனா நேத்து பாடம் எடுக்கும்போது அது எனக்கே இடிச்சுது. போர்டுல ஒரு டேபிள் போட்டேன், மாணவர் எண், பாட எண், மாணவர் பெயர், மார்க். ரெண்டு எண்ணும் சேர்ந்ததுதான் கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியா அடையாளம் காட்டுறது. ஆனா பெயரைச் சொல்ல மாணவர் எண் மட்டுமே போதும், பாட எண் தேவையே இல்ல, அதனால இது ரெண்டாம் படி ஏறாது, முதல் படியிலயே நின்னுடும். சொல்லி முடிக்கல, ஒரு பொண்ணு கேக்குது, "சார், மார்க் நோட்டுல இயல்பா இப்படித்தானே எழுதுவாங்க, அப்ப இதுதானே இயல்பு வடிவம்?" என்கிட்ட பதில் இல்ல. இயல்பா எழுதுற அட்டவணையத்தான் உடைக்கச் சொல்றோம், அதுக்குப் போய் இயல்பாக்கம்னு (நார்மலைசேஷன்) பேரு! போதாததுக்கு டீஃபால்ட்டுக்கும் பல மென்பொருள்ல 'இயல்புநிலை'ன்னு போட்டாச்சு.

சீர்வடிவம், சீராக்கம்னு வைக்கலாமே. அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவோட உறவை நார்மலைஸ் பண்றேன்னு பேசிட்டிருந்தார், அவரால முடியும்னா என்னாலயும் முடியும்னு அந்தப் பேரு வச்சேன்னு இந்த முறையைக் கொண்டுவந்த காட் ஒரு பேட்டியில சொன்னாரு (நிக்சன் பீஜிங் போனது 1972, காட் கட்டுரை 1970, அதனால பாதி கிண்டல்தான்). நம்ம பேப்பர்லயும் 'உறவு சீரடைந்தது'ன்னுதானே போடுவாங்க. அதோட பழைய பாட்டைச் சீர் பிரிக்கிற மாதிரிதான் இதுவும், உடைச்சாலும் பொருள் தொலையாது, திரும்பச் சேர்த்தா அதே பாட்டு. எந்தப் படின்னு கண்டுபிடிக்கிறதுக்கு 'அலகிடுதல்'னு (யாப்புல சீரை அசை பிரிச்சுப் பாக்கிறது) வைக்கவும் ஒரு ஆசை.

---

அண்ணே, மூணாம் சீர்னா எனக்குத் தாய்மாமன் தட்டு தூக்கிட்டு வர்றதுதான் ஞாபகம் வருது :-) இருந்தாலும் சீர்வடிவத்துக்கு என் ஓட்டு. அலகிடுதல் வேணாம், அலகுன்னாலே இப்ப யூனிட்தான், 'படி காணல்' போதும்.

ஒரு சிக்கல் இருக்கு. மாணவர், பாடம், ஆசிரியர்னு ஒரு டேபிள். ஒரு ஆசிரியர் ஒரே பாடம்தான் எடுப்பார், ஒரு மாணவருக்குப் பாடத்துக்கு ஒரு ஆசிரியர்தான். பாடமும் ஒரு கீயில சேர்ந்திருக்கிறதால இது மூணாம் படி தாண்டிடும், ஆனா ஆசிரியரைச் சொன்னா பாடம் தெரிஞ்சுடுது, ஆசிரியர் மட்டும் தனியா கீ கிடையாது, அதனால 1974ல வந்த, மூணாம் படியைவிடக் கண்டிப்பான பாய்ஸ்-காட் படியில மாட்டிக்கும். அதுக்கு நாலாம் சீர்வடிவம்னு பேரு வைக்க முடியாது, அது வேற இருக்கு. 'பாய்ஸ்-காட் சீர்வடிவம்'னே பட்டியல்ல ஏத்திடறேன், யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.