அப்பாவுக்குச் சர்க்கரை 260: மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள்?

கேள்வி:
அப்பா நிமோனியாவுக்காக வார்டில் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையில் ரத்தச் சர்க்கரை 130-ஐத் தாண்டாதவருக்கு நேற்று மாலை 260. மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் போடுகிறார்கள். விரல் நுனியெல்லாம் குத்திய தழும்பு, பார்க்க மனசு கேட்கவில்லை. இனி ஆயுள் முழுக்க இன்சுலின்தானா?

பதில் 1:
பயப்படாதீங்க. நான் வார்டு செவிலியர். நோய்த்தொற்று வந்தாலே உடலில் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். ஸ்டீராய்டு கொடுக்கிறார்களா? காலையில் கொடுத்தால் மதியத்துக்கு மேல் ஏறும். இன்சுலின் அளவை அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதனால்தான் மாத்திரைக்குப் பதில் இன்சுலின். வார்டில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை 140–180-க்குள் இருந்தால் போதும். ரொம்ப இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்து: 2009-இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் 81–108-க்குள் வைக்க முயன்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது.

பதில் 2:
என் அம்மாவுக்கு இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு வரத் தாமதம். நெற்றி வியர்த்து, டம்ளர் பிடித்த கை நடுங்கியது. பார்த்தால் 58! தட்டு வந்த பிறகு போடலாமா என்று கேளுங்கள். விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.

கேட்டவர்:
ஆமாம், காலையில் ஸ்டீராய்டு போகிறது. இப்போதுதான் புரிகிறது.

பதில் 1:
சரி, அப்போ வீட்டுக்கு அனுப்பும் முன் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவைக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் பெரும்பாலும் பழைய மாத்திரைக்கே திரும்புவார்கள்.