துருப்பிடிக்காத உருக்குக் கைத்துப்பாக்கிகளின் பழைய கையேடுகள்: உதவி கோருகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் நான், 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவில் வெளிவந்த துருப்பிடிக்காத உருக்காலான அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் பயனர் கையேடுகளையும் விற்பனைப் பிரசுரங்களையும் சேகரித்து வருகிறேன். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள நம் நாட்டில் ஆயுதங்களையே சேகரிக்க நினைப்பது வீண். எனக்கு அதில் நாட்டமும் இல்லை, தாள்களே போதும்.

என்னை ஈர்த்தது இதிலுள்ள உலோகவியல். சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1965இலேயே மொடல் 60 என்னும் சுழல் துப்பாக்கியை இவ்வுருக்கில் செய்துவிட்ட போதிலும், மேற்பகுதி துப்பாக்கியின் அடிச்சட்டகத்தின்மீது வழுக்கி ஓடும் அரைத் தானியங்கி வகையில், ஒரே தன்மையுள்ள இரு உருக்குப் பரப்புகள் உராயும்போது ஒன்றையொன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல் எழுந்தது. இரு பாகங்களின் கடினத்தன்மையை வேறுபடுத்தியும் நல்ல மசகிட்டும் அதனைக் கட்டுப்படுத்தினர். ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஹார்ட்போலர் என்னும் துருப்பிடிக்காத உருக்குக் கைத்துப்பாக்கியின் கையேடு மசகு பற்றி என்ன கூறுகிறது என்பதை வாசிக்க மிகவும் விரும்புகிறேன்.

கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள உறவினர்கள் பழைய புத்தகக் கடைகளில் ஹார்ட்போலரின் கையேட்டையோ, சிமித் அன்ட் வெசன் 659, 5906 ஆகிய மொடல்களின் கையேடுகளையோ கண்டால் தயவுசெய்து அறியத்தாருங்கள். தெளிவான ஒளிப்படங்களும் பயன்படும். ஆண்டு அச்சிடப்படாத பிரசுரங்களின் காலத்தைக் கணிக்கும் வழியையும், வாவிக்கரை ஈரக்காற்றில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பேணும் முறையையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.