கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவதா, பார்சலுக்குக் காத்திருப்பதா?

குன்னூர்க் கிறுக்கல்:
போன வாரம் ஆன்லைனில் வாட்டர்கலர் பேப்பர் வாங்கினேன். 300 ஜிஎஸ்எம் கனம், முழுக்கப் பருத்தி, இருபது தாள். கூரியர் பையன் கேட் ஓரமாக வைத்துவிட்டுப் போன நேரம் பார்த்து மழை. பெட்டியின் ஒரு மூலை ஊறி, நாலு தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் கிடையாது என்கிறார்கள். கொண்டுவந்து போட வழி இருக்கிறதாம், எடுத்துப் போகத்தான் வழி இல்லையாம்.

இருந்தாலும் அடுத்த முறையும் ஆன்லைனில்தான் வாங்குவேன். பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை எந்த ஸ்டேஷனரி கடையில் ஏறிக் கேட்டாலும் எனக்குக் கிடைத்தது பள்ளிக்கூட டிராயிங் நோட்டும் கேக் கலர் டப்பாவும்தான். கீழே கோயம்புத்தூர் போய் வாங்கலாம் என்றால் போக வர ஐந்து மணி நேரத்துக்கு மேல். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு வீடு திரும்பினால் போதும் என்று ஆகிவிடும். கடையில் வாங்குங்கள், உள்ளூரை ஆதரியுங்கள் என்று சொல்கிறவர்கள் இந்த மலையில் எதைத்தான் வாங்குகிறார்கள்? குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஊசிநூல், கோத்தகிரி:
குத்தலாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. நான் வாங்குகிறேன்.

கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை போட்டுக் கொடுப்பது என் தொழில். போன தை மாதம் ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை அரக்கு. ஆன்லைனில் 'மெரூன்' என்று போட்டிருந்த பட்டு நூலை வாங்கினேன். போனில் பார்த்தபோது அரக்கேதான். வந்து சேர்ந்ததோ கத்தரிக்காய்க்குச் சொந்தக்காரன். நமக்கு அரக்கு வேறு, மெரூன் வேறு, வாடாமல்லி வேறு. எம்.எஸ். ப்ளூ என்று ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைப்பார்கள், அந்த ஆப்பில் தேடிப் பாருங்கள் என்ன வருகிறது என்று. மயில்கழுத்து அதைவிட மோசம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைத்தால் பச்சை, மடித்தால் நீலம். அதற்கு எந்த நூல் சேரும் என்பதைப் போட்டோ சொல்லாது.

கடைக்குப் போகும்போது பிளவுஸ் துணியைக் கையோடு எடுத்துப் போவேன். கண்டிலிருந்து ஒரு சாண் நூலைப் பிரித்துத் துணிமேல் நீட்டிப் போட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பு, வெளியே வந்ததும் பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி தனித்தனியாக நிற்கும். கடைக்காரர் எதுவும் சொல்ல மாட்டார். பிடிக்கவில்லை என்றால் நூலைச் சுற்றித் திருப்பிக் கொடுப்பேன்.

குன்னூர்க் கிறுக்கல்:
பகல் வெளிச்சமா? கோத்தகிரியிலா? ஜூலை மாதத்திலா?

ஊசிநூல், கோத்தகிரி:
நிறம் பார்க்க மேகமூட்டத்து வெளிச்சம்தான் நல்லது. உச்சி வெயிலில் கண் கூசும், பட்டு பளபளத்து ஏமாற்றும். படம் வரைகிறவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

குன்னூர்க் கிறுக்கல்:
சரி அக்கா, நூலில் தோற்றுவிட்டேன். ஆனால் பெயிண்டு அப்படி இல்லை. நான் நிறத்தைக் கண்ணால் வாங்குவதில்லை, எண்ணால் வாங்குகிறேன். நல்ல ட்யூபில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும். அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி 29. கம்பெனி மேலட்டையில் என்ன அழகான பெயர் வைத்தாலும் இந்த எண் இருந்தால் அதுதான். பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அசல் நிறமிக்குப் பதிலாக அதைப் போலக் காட்டும் மாற்று. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் பிஆர் 83 இருந்தால் தொடமாட்டேன், சுவரில் மாட்டி வைத்தால் வெளுத்துப்போகும். தயாரிப்பாளரின் நிற அட்டவணையைத் திறந்தால் இதெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கடையில் கேட்டால் என்ன பதில் வரும்? "ப்ளூதான் சார், நல்ல ப்ளூ."

கடைப்பையன், ஊட்டி:
அந்த "நல்ல ப்ளூ" ஆசாமி என் அப்பாவாக இருக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு ஊட்டியில் சின்ன ஸ்டேஷனரி கடை. அவர் சார்பாக நாலு வார்த்தை சொல்கிறேன்.

நல்ல தாள் வைக்கவில்லை, வைக்கவில்லை என்கிறீர்கள். வைத்துப் பார்த்தோம் சார். முப்பது தாள் எடுத்தோம். ஆறு விற்றது. மிச்சம் சுவரை ஒட்டிய ராக்கில் இருந்தது. ஜூனில் ஒரு மழை, அது முடிந்து ஐப்பசியில் இன்னொரு மழை. கண்ணுக்குத் தாளில் ஒரு குறையும் இல்லை, நீட்டி வைத்தால் புதுசு. வாங்கிப் போன ஒரு அம்மா மறுநாளே திரும்பி வந்தார். வானத்துக்கு நீலம் பூசியிருக்கிறார். தூரிகை போன இடத்திலேயே நிறம் பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கி, அம்மை போட்ட மாதிரி நின்றுவிட்டது. இந்தத் தாளில் தண்ணீர் உடனே உறிஞ்சாமல் இருக்க ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்களாம். ஈரத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பசை செத்துவிடும், அப்புறம் அது வெறும் மை உறிஞ்சும் தாள்தான். அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பின்கோடெல்லாம் கேட்கவில்லை.

அதே கதைதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கும். மூட்டையைப் பிரித்து மழைக்காலத்தில் ஒரு மாதம் வைத்தால் கட்டி தட்டிவிடும். ட்யூபை வருகிற எல்லோரும் கெட்டியாகிவிட்டதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். பத்தாவது ஆள் வரும்போது மூடி ஓரம் கசிந்திருக்கும். மொத்த வியாபாரி ஒற்றை ட்யூப் தரமாட்டார், பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும். அல்ட்ராமரின் போகும், மற்ற பதினொன்றும் எங்கள் தலையில்.

ஆதங்கத்தில் இன்னொன்று. நாங்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தால் அபராதம். 2019-இல் தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்குப் பல வருடம் முன்பே நீலகிரியில் தடை. சரி, நல்லதுதான், துணிப்பையில் கொடுக்கிறோம். ஒரு பென்சில் பெட்டிக்கு மூன்று சுற்று பிளாஸ்டிக் பபிள் ராப் சுற்றி மலை ஏறி வருகிறதே, அதை யார் கேட்பது?

குன்னூர்க் கிறுக்கல்:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் என் கட்சிக்கல்லவா பேசியிருக்கிறீர்கள்? உங்கள் ராக்கில் இரண்டு மழை பார்த்த தாளைவிட என் கேட்டில் ஒரு மணி நேரம் நனைந்த தாள் மேல்.

கடைப்பையன், ஊட்டி:
அது உங்களிடம் வருவதற்கு முன்னால் எந்தக் குடோனில் எத்தனை மழை பார்த்தது என்று தெரியுமா சார்? நனையாத பதினாறு தாளில் ஒன்றை எடுத்து ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி கொஞ்ச நேரம் நின்றால் சரி. விட்டதும் உள்ளே போய்விட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
சண்டைக்கு நடுவில் ஒரு சமாச்சாரம். கிறுக்கல் சார், பிக்கப் இல்லை என்பதற்காகப் பணத்தை விடாதீர்கள். பெட்டியையும் நெளிந்த தாளையும் போட்டோ எடுத்து அனுப்பி, திருப்பி அனுப்பாமலே பணம் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915, நுகர்வோர் உதவி எண். இனிமேல் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

நான் இரண்டு பக்கமும் அடிபட்டவள். வகுப்புக்கு ஐஸ் குச்சி நூறு வாங்கினேன், ஆன்லைனில் பாதி விலை. வந்த குச்சி ஆறு சென்டிமீட்டர். கடையில் விற்பது பதினொன்றரை இருக்கும். வீடு கட்ட வேண்டிய பிள்ளைகள் கோழிக்கூண்டு கட்டினார்கள். போட்டோவில் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அளவு கீழே எங்கேயோ பொடி எழுத்தில் இருந்தது, படிக்காதது என் தப்பு. அதிலிருந்து எதை வாங்கினாலும் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

கடைக்காரத் தம்பிக்கும் ஒரு கேள்வி. பென்சில், க்ரேயான், பேஸ்டலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு முன் 12 சதவீதம். நான் வாங்குகிற கடையில் அப்புறமும் பழைய ஸ்டிக்கர் விலைதான் வாங்கினார்கள். கேட்டால் பழைய சரக்காம்.

கடைப்பையன், ஊட்டி:
அது எங்கள் கடை இல்லை டீச்சர். நாங்கள் குறைத்துத்தான் கொடுத்தோம். ஆனால் செய்த கடைகள் உண்டு, மறுக்கவில்லை.

தலைகுந்தா:
எல்லோரும் தாளுக்கும் நூலுக்கும் அழுகிறீர்கள். நான் ரெசினில் மூவாயிரம் ரூபாயைக் கொட்டியிருக்கிறேன். பூ வைத்து ஊற்றிய சாவிக்கொத்து முப்பது எண்ணம். 24 மணி நேரத்தில் இறுகும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. நாலு நாள் ஆகியும் பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி பிசுபிசுக்கிறது. எல்லாம் போலி.

ஊசிநூல், கோத்தகிரி:
பார்த்தீர்களா, இதுதான் ஆன்லைன். கடையாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தலைகுந்தா:
அக்கா, ஆன்லைன் இல்லை. கோயம்புத்தூரில் கடைக்கே நேரில் போய், கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசி வாங்கியது.

குன்னூர்க் கிறுக்கல்:
இதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

போலியாக இருக்காது நண்பரே. எபாக்ஸி ரெசின் இறுகுவது வேதிவினை, அதற்குச் சூடு வேண்டும். 24 மணி நேரம் என்பது 25 டிகிரி அறைக்குப் போட்ட கணக்கு. புல்லில் உறைபனி படிகிற தலைகுந்தாவில் ராத்திரி உங்கள் அறை எத்தனை டிகிரி? குளிரில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், கலக்கும்போது குமிழி மேலே வராது, இறுக வைக்க அதோடு கலக்கும் இரண்டாவது பாட்டில் கடினமாக்கியும் சரியாகச் சேராது. அடுத்த முறை இரண்டு பாட்டிலையும் மூடி இறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். ஊற்றிய அச்சை ஹீட்டர் போட்ட சின்ன அறையில் வையுங்கள், ராத்திரியும் சூடு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பதையும் வீசாதீர்கள், சூடான இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அளவு தப்பாமல் கலந்திருந்தால் இறுக வாய்ப்பு உண்டு. கோயம்புத்தூர்க் கடைக்காரர் மேலும் குற்றமில்லை, அவர் ஊரில் அது மறுநாளே இறுகியிருக்கும்.

ஊசிநூல், கோத்தகிரி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மலையில் கடை வைத்திருப்பவருக்கு மலைக் குளிர் தெரியும்.

குன்னூர்க் கிறுக்கல்:
மலையில் கடை வைத்திருப்பவர் ரெசினே வைப்பதில்லையே அக்கா!

கடைப்பையன், ஊட்டி:
போதும், ஒரு வழி சொல்கிறேன். அப்பா மாதம் இரண்டு தடவை சரக்கு எடுக்கக் கீழே போகிறார், அடுத்தது வரும் புதன். வேண்டியதை இங்கே எழுதுங்கள், முன்பணம் பாதி. யாருக்கு என்று தெரிந்து வாங்கினால் ராக்கில் வைத்து நனைய விட வேண்டாம், பெட்டியாக எடுத்தாலும் ஐந்து பேர் பிரித்துக்கொள்ளலாம். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கமாட்டோம்.

ஊசிநூல், கோத்தகிரி:
எனக்கு ஜரிகை நூல் நாலு கண்டு, சமிக்கி தங்க நிறம் கால் கிலோ. பட்டு நூல் மட்டும் வேண்டாம், அதற்குத் துணியோடு நானே வருவேன்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
ஐஸ் குச்சி இருநூறு. பதினொன்றரை சென்டிமீட்டர். அளந்து எடுக்கச் சொல்லுங்கள்.

குன்னூர்க் கிறுக்கல்:
தாள் நான் ஆன்லைனிலேயே பார்த்துக்கொள்கிறேன், பிடிவாதம்தான். அல்ட்ராமரின் ட்யூப் மட்டும் இரண்டு. பெயரை நம்ப வேண்டாம், பின்பக்கம் பிபி 29 என்று இருக்கிறதா பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கடைப்பையன், ஊட்டி:
சீட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன் சார். வாசித்துவிட்டு, "பிபி மாத்திரை இங்கேயே மெடிக்கலில் கிடைக்குமே, அதற்கு எதற்குக் கோயம்புத்தூர்?" என்கிறார்.