கார்டு மெஷினில் ‘டேம்பர்டு’ என்று வந்து நிற்கிறது, என்ன செய்வது?

ஈரோடு மளிகை:
வணக்கம். ஈரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கவுண்டர், இரண்டு கார்டு மெஷின். இரண்டும் ஒரே வங்கி கொடுத்தவை, ஒரே மாடல். முதல் கவுண்டர் மெஷின் நேற்று இரவு பையன் கையிலிருந்து நழுவி விழுந்தது. காலையில் ஆன் செய்தால் திரையில் ‘டேம்பர்டு’ என்று வந்து அப்படியே நிற்கிறது. எந்த பட்டனும் வேலை செய்யவில்லை. யாராவது உள்ளே கை வைத்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. இதுவரை வந்தவர்களின் கார்டு விவரம் போயிருக்குமா? பக்கத்து மொபைல் கடைக்காரர் திறந்து ரீசெட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்கு இரண்டாவது மெஷினை வைத்துச் சமாளிக்கிறேன். அதில் பிரச்சினை இல்லை. போன வாரம்தான் வங்கியிலிருந்து ஒருவர் வந்து அப்டேட் செய்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கார்டு செருகும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, மற்றபடி நன்றாகவே ஓடுகிறது.

பழைய சர்வீஸ் ஆள்:
மொபைல் கடையில் கொடுக்காதீர்கள் அண்ணா. அதை யாராலும் வெளியில் ரீசெட் செய்ய முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். பின் நம்பரைப் பூட்டி அனுப்புவதற்கான ரகசியச் சாவிகள் மெஷினுக்குள் ஒரு சிறிய நினைவகத்தில் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கம்பி வலை, மூடி திறந்தால் தெரிந்துகொள்ளும் சுவிட்சுகள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன் பேட்டரி கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெஷின் ஆஃபில் இருந்தாலும். மூடி திறந்தால், துளை போட்டால், அந்தச் சாவிகள் உடனே அழிந்துவிடும். விழுந்த அதிர்ச்சியில் சுவிட்ச் ஒரு நொடி விலகினாலும் இதே கதைதான். நான்கைந்து வருடம் ஓடிய மெஷினில் பட்டன் பேட்டரி தீர்ந்தாலும் இப்படி வரும். சில மாடலில் ‘அலர்ட் இரப்ஷன்’ என்று காட்டும், விஷயம் ஒன்றுதான்.

அதனால் அந்த மெஷினை நினைத்துப் பயப்பட வேண்டாம். வங்கிக்குச் சொல்லுங்கள், வேறு மெஷின் தருவார்கள். பழையதைச் சாவி ஏற்றும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இரண்டாவது மெஷின்தான் உறுத்துகிறது. அப்டேட் பெரும்பாலும் நெட்வொர்க் வழியாகவே வந்துவிடும், அதற்காக ஆள் வர வேண்டியதில்லை. வந்தவரை நீங்கள் கூப்பிட்டீர்களா? புகார் எண் ஏதாவது சொன்னாரா? மெஷின் உங்கள் கண் முன்னாலேயே இருந்ததா, இல்லை வெளியே கொண்டு போனாரா?

மதுரை ஜவுளி:
எங்கள் கடையிலும் கார்டு இறுக்கமாகத்தான் போகும். எல்லாம் தூசி. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

செட்டில்மென்ட் டெஸ்க்:
தூசியாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் வந்து போன அதே வாரத்தில் இறுக்கம் வந்திருக்கிறது. சிப் செருகும் இடத்துக்குள் காகிதம் போல மெல்லிய ஒரு தகட்டை வைப்பது பழைய வேலை. சிப்பை அப்படியே நகல் எடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கிடைத்துவிடும். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதில்லை, அவற்றில் சிலவற்றுக்கு இதுவே போதும். பட்டன்கள் மேல் அதே நிறத்தில் இன்னொரு தகடு ஒட்டியிருந்தால் பின் நம்பரும் போகும். இதில் எதற்கும் மெஷினைத் திறக்க வேண்டியதில்லை. அதனால் ‘டேம்பர்டு’ என்று எதுவும் வராது.

2012இல் அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளிலும் கார்டு மெஷின்களில் திருட்டு வேலை நடந்தது. 63 கடைகளில், கடைக்கு ஒரே ஒரு மெஷினில் கை வைத்திருந்தார்கள். பக்கத்து மெஷின்கள் எல்லாம் சுத்தம். கடைசியில் எல்லாக் கிளைகளிலிருந்தும் மெஷின்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போதே பாருங்கள்:

பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண், மெனுவில் காட்டும் சீரியல் எண், மெஷின் வைத்தபோது வங்கி கொடுத்த படிவத்தில் உள்ள எண், மூன்றும் ஒன்றா? பில்லில் அச்சாகும் கடைப் பெயரும் டெர்மினல் ஐடியும் (மெஷினுக்கு வங்கி கொடுத்த அடையாள எண்) உங்களுடையதுதானா? சிலர் தகடு வைக்கும் வேலையே பார்ப்பதில்லை, மெஷினையே மாற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். பணம் நேராக வேறொருவர் கணக்குக்குப் போகும்.

அப்புறம், மளிகைக் கடையில் தராசு இருக்குமே! பேப்பர் ரோலை எடுத்துவிட்டு இரண்டு மெஷினையும் நிறுத்துப் பாருங்கள். ஒரே மாடல் என்றால் எடை பெரிதாக மாறக் கூடாது.

ஈரோடு மளிகை:
பார்த்தேன். பில்லில் பெயர், ஐடி சரியாக இருக்கிறது. ஸ்டிக்கர் எண்ணும் மெனு எண்ணும் ஒன்று. ஆனால் தராசில் இரண்டாவது மெஷின் 6 கிராம் கூடுதல். டார்ச் அடித்துப் பார்த்தால் கார்டு போகும் இடத்தில் ஓரமாக ஏதோ பளபளக்கிறது. ட்வீசர் வைத்து இழுத்துப் பார்க்கவா?

வந்தவரைக் கூப்பிட்டது யார் என்றே தெரியவில்லை. நான் அப்போது குடோனில் இருந்தேன். கழுத்தில் வங்கி ஐடி மாட்டியிருந்தார் என்கிறான் பையன்.

செட்டில்மென்ட் டெஸ்க்:
இழுக்காதீர்கள் சார். அதுதான் சாட்சி. இனி ஒரு கார்டுகூட அதில் போடக் கூடாது. நெட்வொர்க்கைத் துண்டித்து ஒரு பையில் போட்டு, நேரம் எழுதிப் பூட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பதிவை இன்றே பென்டிரைவில் எடுங்கள், பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

வங்கியைக் கூப்பிடும்போது மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ‘ஹெல்ப்லைன்’ எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். அந்த ஸ்டிக்கரையும் அவரே ஒட்டியிருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்திலோ ஸ்டேட்மென்ட்டிலோ உள்ள எண்தான். பேசி முடித்ததும் மெயிலிலும் எழுதிவிடுங்கள். போலீசிலும் எழுத்தில் கொடுங்கள்.

சேலம் பார்மசி:
வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

செட்டில்மென்ட் டெஸ்க்:
கடைக்காரரிடம் முழுக் கார்டு எண் இருக்காது, இருக்கவும் கூடாது. அந்த நாட்களில் எந்தெந்தக் கார்டு போனது என்று வங்கிதான் எடுக்கும், எடுத்துக் கார்டு கொடுத்த வங்கிகளுக்குச் சொல்லும். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் கார்டை பிளாக் செய்து வேறு வாங்கச் சொல்லலாம், தப்பில்லை. யாருக்காவது பணம் போயிருந்தால் அவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும், வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு வாடிக்கையாளருடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. தள்ளிப்போட்டால் கஷ்டம்.

பழைய சர்வீஸ் ஆள்:
உள்ளே இருக்கும் பாதுகாப்பும் முழுசாக நம்பத் தக்கது என்று நினைக்க வேண்டாம். 2008இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ட்ரிமர், மர்டாக், ஆண்டர்சன் மூவரும் அப்போது பிரிட்டனில் புழக்கத்தில் இருந்த ஒரு மாடலை வளைத்த பேப்பர் கிளிப்பை வைத்தே ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். வலையும் சுவிட்சும் இருந்தும், கம்பி போகும் வழியில் ஒரு இடம் விட்டிருந்தார்கள். இப்போதைய மாடல்கள் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் தினமும் கடை திறக்கும்போது ஒருவர் தடவிப் பார்க்க வேண்டும். கார்டு நிறுவனங்களின் பிசிஐ விதியும் அதையேதான் சொல்கிறது: மெஷின் பட்டியல், சீரியல் எண், அவ்வப்போது பரிசோதனை, ஊழியருக்குப் பயிற்சி.

ஈரோடு மளிகை:
வங்கியிலிருந்து புகார் எண்ணோடு இருவர் வந்து, என் கையெழுத்து வாங்கி, பையோடு சீல் வைத்து எடுத்துப் போனார்கள். அன்று எங்கள் கடைக்கு யாரையும் அனுப்பியதாகப் பதிவே இல்லையாம். சிசிடிவியில் ஆள் தெரிகிறார், முகத்தில் மாஸ்க். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விழுந்த மெஷினுக்குப் பதில் வேறு வந்துவிட்டது. உள்ளே இருந்தது என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

இனி யார் வந்தாலும் முதலில் எனக்கு போன், நான் வங்கியில் கேட்டபிறகுதான் மெஷினைத் தொடலாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன்.

மதுரை ஜவுளி:
சரி, நானும் இன்று எங்கள் மெஷினைப் பார்த்தேன். தூசிதான். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கருக்கு இப்படி ஏதாவது உண்டா?

பழைய சர்வீஸ் ஆள்:
உண்டு, அதில் மேலே இன்னொன்றை ஒட்டினாலே வேலை முடிந்தது. காலையில் கடை திறந்ததும் உங்கள் போனில் ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். ஒரு ரூபாய் போட்டு சவுண்ட் பாக்ஸ் பேசுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.