மெல்லிய ஸ்டீல் சட்டத்தில் பேட்டரியை எங்கே ஒளிப்பது?

கேள்வி:
அப்பாவின் பழைய சைக்கிளின் சாயலில், நகரத்தில் ஓட்ட ஒரு மின்சைக்கிள் வரைந்துகொண்டிருக்கிறேன். மெல்லிய ஸ்டீல் குழாய்கள், தோல் இருக்கை, வட்ட விளக்கு எல்லாம் அழகாக அமைந்துவிட்டன. பேட்டரியை வைத்ததும் படமே கெட்டுவிடுகிறது. சட்டத்தில் செங்கல்லைக் கட்டியது போல. குழாய்க்குள் ஒளிக்க முடியாதா?

பதில் 1:
அளவு இடம் கொடுக்காது. பழைய பாணிக் கீழ்க்குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ.; பேட்டரிக்குள் அடுக்கும் 18650 எனும் உருளை லித்தியம் செல்லின் விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. ஒற்றை வரிசைதான் நுழையும். 36 வோல்ட்டுக்குப் பத்து செல்களைத் தொடராக இணைக்க வேண்டும், அதற்கே 650 மி.மீ. தேவை. கிடைக்கும் ஆற்றலோ ஏறத்தாழ 120 வாட் மணிதான். குழாயைத் தடிமனாக்கினால் அது உங்கள் அப்பாவின் சைக்கிளாக இருக்காது.

பதில் 2:
சட்டத்தின் முக்கோணத்தில் இருக்கையின் நிறத்திலேயே ஒரு தோல் பை தொங்கவிடுங்கள். இருபது செல்கள் என்றாலும் எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். மோட்டாரைப் பின்சக்கரத்தில் வையுங்கள். நான் முன்சக்கரத்தில் வைத்து, அச்சு சுழன்று ஃபோர்க் முனையை விரித்துவிட்டது. அச்சைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் முறுக்குத் தாங்கியை மறந்தது என் தவறுதான்.

கேள்வி கேட்டவர்:
பையை வரைந்து பார்த்தேன், செங்கல் மறைந்துவிட்டது! மழைநீர் புகாமல் உள்ளே எதை வைக்கலாம்?