திரையைச் சுரண்டுவதா, கொய்வதா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பழைய வணிகச் செயலிகளுக்குப் புது முகப்பு அமைப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங்' என்ற இடத்தில் சிக்கி நிற்கிறேன். 1988இல் ஐபிஎம் வெளியிட்ட ஏஎஸ்/400 போன்ற கணினிகளின் பச்சைத்திரை, அதாவது கரும்பின்னணியில் பச்சை எழுத்துகளை மட்டும் காட்டும் திரை, வழக்கமாக 24 வரியும் 80 நெடுவரிசையும் கொண்டது. மூல நிரலைத் தொடாமல், அந்த 1,920 இடங்களில் எந்த விவரம் எங்கே வரும் என்று முன்பே குறித்துவைத்து, அங்குள்ள எழுத்துகளை எடுத்து உலாவியின் பெட்டிகளில் இடுவதே இம்முறை. 'திரைச்சுரண்டல்' என்று எழுதிவிடலாமா?

—

கூடாது. சுரண்டல் என்றதும் உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வரும். சுரண்டல் லாட்டரியை அறிந்த தலைமுறைக்கு அதுவும் வரும். அதிலோ மேற்பூச்சை நீக்கினால்தான் எண் தெரியும், இங்கு மேலே தெரிவதையே எடுக்கிறோம். மாவு வழிப்பதுபோலத் 'திரைவழிப்பு' எனலாம். திரை என்பதற்கு அலை, தோல் சுருக்கம் என்ற பொருள்களும் உண்டு. பால் திரைவதும் இச்சொல்லே. நரையும் திரையும் கண்ட செயலிகளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

—

ஐயாவின் சொல்லாராய்ச்சி சுவையானதே. ஆயினும் 'திரைவழி' வரை படித்த மாணவர், திரையின் வழியே என்றுதான் பொருள்கொள்வார். பொறுக்குதல் செயலுக்குப் பொருந்துகிறது. ஆனால் அதைச் செய்யும் மென்பொருளைத் 'திரைபொறுக்கி' என்று வகுப்பில் சொல்ல எனக்குத் துணிவில்லை. இடமறிந்து பறிப்பது கொய்தல் ஆதலால் 'திரைகொய்தல்' என்பேன். இரண்டாம் வேற்றுமைத் தொகை, ககரம் மிகாது.

—

இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மறுக்கிறேன். கொய்தபின் செடியில் பூ இராது. திரையிலோ எழுத்து அப்படியே நிற்கிறது. கொய்பவருக்குக் கண் வேண்டும், இம்மென்பொருளுக்கு அது கிடையாது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், 6ஆம் வரியில் 53ஆம் நெடுவரிசையில் தொடங்கிய நிலுவைத் தொகையை யாரோ ஓரிடம் வலப்புறம் தள்ளிவிட, மென்பொருள் பழைய இடங்களையே படித்ததால் உலாவியில் கடைசி இலக்கம் உதிர்ந்து 4250 ரூபாய் 425 ஆயிற்று. அந்தக் குருட்டுத்தனத்தைச் சுரண்டல் என்ற முரட்டுச் சொல்தான் உணர்த்தும்.

—

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டதால் 'திரைகொய்தல்' என்றே அனுப்புகிறேன். முதலிடத்தில் மட்டும் 'ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங்' என்பதும் உடன் நிற்கும். கருவிக்குத் தனிப்பெயர் சூட்டாமல், 'திரைகொய்யும் மென்பொருள்' என்று எழுதித் தப்பித்தேன்.

—

சுரண்டலைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மேலும், பச்சைத்திரை என்றால் திரைப்படக்காரர்கள் நடிகருக்குப் பின்னே கட்டும் பச்சைத் துணியையே நினைப்பார்கள். 'எழுத்துத்திரை' என்று மாற்ற இன்னும் அவகாசம் உண்டா?