வீட்டில் ஒரு மொழி, வகுப்பறையில் வேறு மொழி: உங்கள் அனுபவங்கள்

திருப்பூர், தொடக்கப்பள்ளி ஆசிரியை

பின்னலாடை வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமியை ‘மெல்லக் கற்பவள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அவள் கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் செய்துகொண்டிருந்தாள்; ஒடியாவில் முணுமுணுத்தபடியே ஒன்றாம் இடத்தை முடித்துப் பத்தாம் இடத்துக்கு வந்துவிட்டாள். ஆய்வுக்கு வந்திருந்த அலுவலர், நல்ல எண்ணத்தோடுதான், “தமிழில் சொல்லிச் செய், கண்ணு” என்றார். முணுமுணுப்பு நின்றது, சாக்பீஸும் அங்கேயே நின்றது. கணக்குத் தெரிந்த பிள்ளை, தெரியாதவளாக இடத்துக்குத் திரும்பினாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஓசூர், நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

அம்மையாரின் வருத்தம் புரிகிறது. ஆயினும் அந்த அலுவலரை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, தெலுங்கும் கன்னடமும் பேசும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள். வெளியில் அது அவர்களுக்குக் கைகொடுக்கிறது. கணக்கின் நடுவில் கேட்டதுதான் பிழை.

எனக்கு உறுத்துவது வேறு. தென்மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்த வகுப்பாசிரியர் ஒருவர், தெலுங்கு மட்டுமே அறிந்த ஒரு தாயிடம் மகன் மிக நன்றாகப் படிப்பதாகக் கூறி, அதை அவனையே தெலுங்கில் சொல்லச் சொன்னார். தன்னைத் தானே புகழக் கூசி அவன் தலைகுனிந்து நின்றான். மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று எண்ணிய அந்தத் தாய், ஆசிரியரை நோக்கிக் கைகூப்பிவிட்டார். நான் போய் விளக்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

திருவள்ளூர், செங்கல் சூளைப் பிள்ளைகளுடன் பணிபுரிபவர்

ஓசூர் நண்பர் சொல்வது இங்கேயே தங்குபவர்களுக்குப் பொருந்தும். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்கள் மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகின்றன. ஒடியா எழுத்து மறந்துபோன பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? ஒடியாப் பாடநூல் கைக்கு வந்ததும் ஒரு பையன் அதைப் பிரிக்கக்கூட இல்லை. காய வைத்த பச்சைக் கற்களின் இடையே ஓடி, மண் குழைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் முதலில் காட்டினான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே மொழி பேசும் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். தங்கள் மொழியில் கலந்து பேசி, முடிவை மட்டும் தமிழில் சொல்லட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் ஒடியா, இந்தி, தமிழ் எனப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டு மொழியில் கதை முதலில் புரிந்துவிட்டால், அதே கதையைத் தமிழில் படிக்கும்போது எழுத்தோடு மட்டும் போராடினால் போதும். எண்ணும்போது எந்த மொழியில் எண்ணினாலும் விட்டுவிடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழையுங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இடையில் நிறுத்தாதீர்கள். இவற்றைச் சலுகை என்று யாராவது சொன்னால், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்யச் சொல்லும் அரசமைப்பின் 350ஏ பிரிவையும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்லும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவையும் காட்டுங்கள்.

கூடலூர், பழங்குடிப் பிள்ளைகளின் ஆசிரியை

புத்தகம் உள்ள மொழிக்கு இந்த யோசனை சரி. பணியர் பிள்ளைகளின் மொழியில் எங்கள் பள்ளியில் ஒரு புத்தகமும் இல்லை. அவர்கள் வீட்டில் பேசுவதை இங்கே பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஒருநாள் ஒரு மாணவனின் தாத்தாவை அழைத்தோம்; துடி என்னும் மேளத்தோடு வந்து கொட்டிக் கதை சொன்னார். வாசலை ஒட்டியே உட்காரும் அந்தப் பேரன், கதை முடிந்ததும் தானாக எழுந்து, சிரித்த பிள்ளைகளுக்கே அதைத் தமிழில் சொன்னான், எங்குமே தடுமாறவில்லை.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை இதற்கு ஒதுக்கக் கேட்டேன். பாடப்பகுதியை முடிக்க முடியாமல் போகும் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்தப் பெரியவரையே அழைத்திருக்கிறேன். இதைப் பற்றி அவரே பேசுவார்.